விருத்தாம்பாள் அடைத்த துளை

விருத்தாம்பாளை நான் முதன்முதலில் சந்தித்தது 2005ஆம் ஆண்டுக் கோடையில். கடல் உள்ளே வந்து போன மார்கழிக்குப் பிறகு, சேறு வழித்த பாத்திகளில் மீண்டும் உப்பு விளையத் தொடங்கியிருந்தது. மரக்காணத்தில் அவருடைய வீட்டுப் பின்கட்டுக்கு நாங்கள் வாடகைக்குக் குடிவந்தோம். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் அவர் என் சமையலறைக்கு வந்து, உப்புச் சாடியைத் திறந்து, ஒரு கல்லை நாவில் வைத்துப் பார்த்தார்.

"இது எங்க வாங்கனது?"

"செங்கல்பட்டுல இருந்தப்ப வாங்கினதுங்க."

"எங்க அளத்து உப்பு மாதிரி இருக்குது. சரி, கேட்டு வெச்சேன்."

இளம் வயதிலேயே கணவரை இழந்து, உப்பளத்தைத் தனியொருவராய் நடத்தியவர் அவர். காலைதோறும் கையில் களிமண் உருண்டையுடன் வரப்புகளைச் சுற்றி வருவார். வரப்பில் நண்டு ஒரு வளை தோண்டிவிட்டால், பல நாள் வெயிலில் முற்றிய உப்புநீர் அதன் வழியே வடிந்துபோகும். கண்ட வளையையெல்லாம் களிமண் திணித்துக் குதிகாலால் மிதித்து அடைப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சுவரிலோ கதவிலோ ஒரு துளை கண்ணில் பட்டால், அதை அடைக்காமல் அவரால் அப்பால் நகர முடியாது.

கணவர் விட்டுச்சென்ற பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாதலால், சேற்றில் கடைசிப் பாத்திவரை போகும். மற்றவர்கள் டீசல் எஞ்சினுக்கு மாறியபோதும் அவர் மாறவில்லை. "வேற எஞ்சின் வைக்கச் சொல்றவன், இந்த எஞ்சின எங்கியோ விக்கப் பாக்கறான்" என்பார்.

ஓட்டுநர் தேசப்பன் உள்ளூர் விவசாயக் குடும்பத்தவர், கலகலப்பானவர். அந்தக் கோடையில், நிற்கும் வண்டிகளிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. விருத்தாம்பாள் உடனே டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி ஒன்றை வாங்கினார். அதன் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருந்தது.

"பூட்டையும் போட்டு ஓட்டையும் வெச்சிருக்கான் பாரு. உப்புத் தூசி உள்ள போவாதா?"

துளையை ஈயத்தால் அடைக்கச் செய்தார். விளிம்புக்கு ரப்பர் வளையமும் போட்டார். சாவி அவருடைய முந்தானை முடிச்சுக்குள் போயிற்று.

அதன் பிறகுதான் ஜீப் படுத்தத் தொடங்கியது. குயிலாப்பாளையத்துக் கடைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு நன்றாகவே புறப்படும். பொம்மையார்பாளையத்தை நெருங்கும்போது குலுங்கும், இருமும், நின்றுவிடும். தேசப்பன் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், ஃபில்டரை மாற்றினார், பம்ப்பையும் பிரித்துப் பார்த்தார். பயனில்லை. தொலைபேசிக் கடையிலிருந்து அவர் அழைத்தால், விருத்தாம்பாள் பேருந்தேறிப் போவார். மூடியைத் திறந்து, விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பெட்ரோலை அளப்பார். குறைந்திருக்காது. பிறகு எஞ்சின் சாவியைத் திருப்பினால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும்.

"நான் வந்தா ஓடுது, வரலன்னா படுத்துக்குது. வண்டி நடிக்கல தேசப்பா, நீதான் நடிக்கற."

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்லம்மா."

"புள்ளைங்கள ஏன் இழுக்கற? அதுங்களா வண்டி ஓட்டுச்சுங்க?"

பொம்மையார்பாளையத்தில் தேசப்பனுக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். இறுதியில், "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லிவிட்டார். பெட்ரோல் திருட்டுப் பேச்சு அடங்காத நேரத்தில் விலக்கப்பட்டவருக்கு அந்தக் கரையில் எந்த அளத்துக்காரரும் வண்டி தரமாட்டார். தேசப்பனின் கலகலப்பு அடங்கிவிட்டது.

மறுமுறை விருத்தாம்பாளும் உடன் சென்றார். சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். தேசப்பனின் கால்கள் தெரியும்படி அமர்ந்து, அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பொம்மையார்பாளையத்து முதல் வீடுகள் தெரிந்தன. வண்டி இருமியது, நின்றது.

"கால எடுத்துட்டியா?"

"நீங்கதானம்மா பாத்துட்டே வந்தீங்க!"

தேசப்பன் இறங்கி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, பம்ப்பின் அடியில், கையாலேயே பெட்ரோலை இழுப்பதற்கு இருந்த சிறு பிடியை அமுக்கினார். ஒரு சொட்டும் வரவில்லை.

"பாருங்கம்மா. பெட்ரோல் வந்தாத்தான நான் ஓட்ட முடியும்?"

"அப்ப டேங்க்ல இருக்கறது தண்ணியா?" என்று விருத்தாம்பாள் முடிச்சை அவிழ்த்து மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த ஓசை எனக்கே கேட்டது. தேசப்பனின் கை பிடியை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து பெட்ரோல் பீறிட்டு விருத்தாம்பாளின் புடவையில் தெறித்தது.

விருத்தாம்பாள் மூடியைப் புரட்டி, அடைத்த ஈயத்தை நகத்தால் சுரண்டினார். அவ்வளவு தூரம் ஓடியபின், காற்றுப் புக வழியில்லாத டேங்கிலிருந்து பம்ப்பால் எதையும் இழுக்க முடியவில்லை என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்த ஓட்ட எதுக்குன்னு அந்தக் கடைக்காரன் சொன்னானா பாரு. வேணும்னே சொல்லல."

தேசப்பன் சாலையோரம் குந்திச் சிரித்தார், கண்களையும் துடைத்துக்கொண்டார். விருத்தாம்பாள் மன்னிப்புக் கேட்கவில்லை. "சிரிச்சது போதும், வண்டிய எடு" என்றார். துளையைத் திறக்கச் செய்தார். அதன்மேல் மெல்லிய துணி ஒன்றையும் கட்டினார். சாவி மட்டும் முந்தானையை விட்டு இறங்கவில்லை.

2006ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அவருக்கு மூச்சு முட்டியது. புதுச்சேரி மருத்துவமனைக்கு அதே ஜீப்பில் புறப்பட்டோம். அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். பொம்மையார்பாளையத்தில் நிறுத்தச் சொன்னார். விரல்களால் முடிச்சை மெல்ல அவிழ்த்து, சாவியைத் தேசப்பனிடம் நீட்டினார்.

"நீயே தொறந்து பாரு."

தேசப்பன் மழையில் நனைந்தபடி திறந்து, குச்சியை விட்டெடுத்து, பூட்டினார். "வேண்டிய மட்டும் இருக்குதும்மா."

விருத்தாம்பாள் கை நீட்டினார். தேசப்பன் சாவியை அதில் வைக்கப் போனார். அவர் தலையசைத்து மறுத்தார். சாவி தேசப்பனிடமே இருக்கட்டும் என்பதுபோல் அதை விலக்கினார். கையை மட்டும் மடக்கவில்லை.

மருத்துவமனையை அடைந்தபின், கண்மூடும்வரை, அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வழியில், கையை நீட்டியபடியே தேசப்பனிடம் கேட்டதே கடைசி.

"அந்தக் குச்சியக் காட்டு."