ஐம்பத்திரண்டு கம்ப்யூட்டர்களும் மூன்று மாடியும்

பல்லாவரத்தில் தோல்பொருள் ஏற்றுமதி செய்கிற ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. கைப்பை, பெல்ட், பர்ஸ் எல்லாம் அங்கிருந்து கப்பலேறிப் போகும். அவற்றில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. என் பொறுப்பில் இருந்தவை ஐம்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள். மூன்று மாடிக் கட்டடம், லிப்ட் கிடையாது. கம்ப்யூட்டரைக் கவனிக்க இருந்த ஒரே ஆள் நான்தான்.

கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற சமாச்சாரங்கள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். தொல்லை கொடுத்தவை, நாங்கள் வெளியிலிருந்து போட்டுக்கொண்ட சாஃப்ட்வேர்கள். பிடிஎஃப் திறக்க ஒன்று, பெரிய ஃபைலைச் சுருக்க ஒன்று, வெப்சைட்டில் வரும் படிவங்கள் வேலை செய்ய ஒன்று. ஒவ்வொன்றும் சில வாரங்களுக்கு ஒருமுறை திரையின் ஓரத்தில் எட்டிப்பார்த்து, புதிய அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்கும். போடுவதற்கான பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே. உடனே எனக்குப் போன் வரும். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு படியேறுவேன். மூன்றாவது மாடியில் வேலையை முடிப்பதற்குள் தரைத்தளத்தில் இன்னொன்று எட்டிப்பார்த்திருக்கும்.

அதிகமாகப் போன் செய்தவர், மூன்றாவது மாடியில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொண்ட பாய். ஐம்பது வயதிருக்கும். தோலைத் தடவிப் பார்த்தே ஆடா மாடா என்று சொல்லிவிடுவார். ஆனால் திரையில் ஒரு கேள்வி வந்துவிட்டால் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"ஏம்மா, அது திரும்பக் கேக்குது. ஆமாங்கறதா, வேணாங்கறதா?"

"வேணாம்னு அமுக்குங்க பாய், நான் வந்து பாக்கறேன்."

"அமுக்கிட்டு எதாச்சும் ஆயிட்டா? நீயே வந்துடும்மா. நான் வெயிட் பண்றேன்."

எனக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, சேலையூரில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா என் வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை படியேறுகிறாய் என்று கேட்டார். எண்ணியதில்லை என்றேன். "இனிமே எண்ணு. ரெண்டைத் தாண்டக் கூடாது," என்றார்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். அலுவலகத்தில் ஒரு சர்வர் இருந்தது. காலையில் எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் முதலில் அதோடுதான் பேசும். அப்படிப் பேசும்போதே, உன்னிடம் இருப்பது பழசா என்று சர்வர் கேட்கட்டும், பழசு என்றால் யாரையும் எதுவும் கேட்காமல் புதியதைப் போட்டுவிடட்டும். சாஃப்ட்வேர்களைச் சத்தமில்லாமல் போட வழி இருக்கிறது என்று இணையத்தில் படித்திருந்தேன். இரண்டு வாரம் முயன்று முப்பது வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதினேன். என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அழகாக ஓடியது. ஒரு வியாழக்கிழமை மாலை அதை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டுத் தாம்பரம் வண்டியைப் பிடித்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, சந்தை நாள் என்பதை மறந்துபோனேன். பல்லாவரத்தில் இறங்கி, பழைய சோபாக்களுக்கும் செடித்தொட்டிகளுக்கும் புறாக்கூண்டுகளுக்கும் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனதில் அரை மணி தாமதம். அலுவலகத்தில் நுழைந்தால், ஒருவரும் இடத்தில் இல்லை. எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"எல்லா சிஸ்டமும் தானா ஆஃப் ஆயி தானா ஆன் ஆகுதும்மா. நீ செஞ்சதா?"

"ஆமாக்கா."

"மாசம் ஒருவாட்டி இப்படிச் செய்யேன். நல்லாத்தான் இருக்கு."

அப்டேட் முடிந்ததும் கம்ப்யூட்டர் தன்னை ஒருமுறை அணைத்துப் போட்டுக்கொள்ளும். அதை நிறுத்திவைக்க ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும்; என் ஒரு கம்ப்யூட்டரில் அது பெரிதாகத் தெரியாததால் விட்டுவிட்டேன். ஐம்பத்திரண்டும் ஒரே நேரத்தில் சர்வரை மொய்த்ததில் நெட்வொர்க்கும் திணறிவிட்டது. பத்தரை மணிக்கு ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. மேனேஜர்கூடச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாடா என்று உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"ஏம்மா, அது எதுவுமே கேக்கல. ஆனா கப்பல்காரங்க வெப்சைட்ல படிவம் தொறக்க மாட்டேங்குது. மதியத்துக்குள்ள அனுப்பலேன்னா கண்டெய்னர் நின்னுடும்."

அந்த ஒரு வெப்சைட் மட்டும் பழைய சாஃப்ட்வேரில்தான் ஓடும். அது தெரிந்திருந்தும் பாயின் கம்ப்யூட்டரை ஒதுக்கிவைக்க மறந்திருந்தேன். பென் டிரைவோடு எழுந்து முதல் மாடித் திருப்பம்வரை போயிருப்பேன். மேலே காலடிச் சத்தம் கேட்டது. பாய் தன் கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா சொன்னது எனக்கும் தெரியும். நீ எறங்கும்மா."

என் மேஜையிலேயே வைத்து, புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். என் திரையிலேயே படிவம் திறந்தது. அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பினார், நான் நின்றுகொண்டு பார்த்தேன். பன்னிரண்டுக்கு முன்பே அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "போச்சுன்னா கேளு. போகலியே," என்றார்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். முதலில் ஐந்து கம்ப்யூட்டர்களில் போட்டு ஒரு வாரம் பொறுத்திருப்பது, அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு மாடி, ஒதுக்கிவைக்க வேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல். எது புதுப்பித்துக்கொண்டது என்று காலையில் திரையில் ஒரு பக்கம் வரும். ஆனவை பச்சை, ஆகாதவை சிவப்பு. மூன்று வாரத்தில் போன் அடிப்பது நின்றது. இவளுக்கு இப்போது என்ன வேலை என்று மேனேஜர் யாரிடமோ கேட்டாராம். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

பிரசவ விடுப்பில் போகும்போது, அந்தப் பக்கத்தை யாராவது பார்க்க வேண்டுமே என்று தேடினேன். பாய் தானாகவே கேட்டார். சிவப்பு வந்தால் எனக்குப் போன் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகள் பிறந்து இரண்டு மாதம்வரை போனே இல்லை. ஒருநாள் காலையில் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன பாய், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. குழந்தைக்கு என்ன பேரு வச்சேன்னு வீட்ல கேட்டாங்க."

சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றார்.

"சிவப்பு வரலியா பாய்?"

"வரும், போகும். நேத்து ரெண்டு வந்துச்சு. ஒருத்தர் லீவு. இன்னொண்ணு, பிளக்கைப் புடுங்கிட்டு ஃபேன் போட்டிருந்தாங்க. மாத்திவிட்டேன், அதுவே ஏத்திக்கிச்சு. இதுக்கெல்லாம் உன்னை எதுக்குக் கூப்பிடணும்?"

குழந்தை அழுதது. போய்ப் பாரும்மா என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார்.