சல்காபம்பாவில் பன்னிரண்டு மீட்டர் வாய்க்கால்

ஒரு குடும்பம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தன் முறையை இழந்துதான் நமக்கு ஒரு மலைக்காட்சி கிடைக்குமென்றால், அந்தக் காட்சியைப் போய்ப் பார்க்கலாமா? பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில், 3,800 மீட்டர் உயரத்தில், ஒரு ஜூலை மாதக் காலையில் இந்தக் கேள்விக்குச் சில நிமிடங்களில் நாங்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது.

நாங்கள் மூவர். பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை செய்கிறேன். செந்தில் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில், மென்பொருள் சோதனையாளன். ஸ்டெல்லா டெக்ஸஸில் பேர்லேண்டில் வசிக்கும் செவிலியர். ஜூலை நான்காம் தேதி விடுமுறையை ஒட்டி ஹூஸ்டனில் கூடி, லிமா வழியாகக் குஸ்கோவுக்குப் பறந்தோம். எட்டு மாதமாகத் திட்டமிட்டவன் செந்தில். எத்தனை மணிக்கு எந்த வளைவில் நிற்க வேண்டும் என்பதுவரை அவனுடைய எக்ஸெல் தாளில் இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு மணிக்கு எதிரே மட்டும் மஞ்சள் வண்ணம் பூசியிருந்தான். 4,400 மீட்டர் கணவாயும், இன்காக்கள் காலத்துக் கற்படிகளும் அங்கேதான்.

அந்த மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. வழிகாட்டியுடன் ஒரு நாள் நடை, மதிய உணவு உட்பட ஆளுக்கு 65 டாலர். கால்கா என்ற ஊர்வரை தார்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர், அதன்பின் மண்சாலையில் ஒரு மணி நேரம். வழிகாட்டியின் பெயர் நெலிதா. முப்பது வயது இருக்கலாம். வரவேண்டியவருக்குக் காய்ச்சல் என்றும், தமக்கு முந்தைய நாள் மாலைதான் அழைப்பு வந்தது என்றும் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பாதை இரண்டு முழ அகலம்தான். ஆனால் ஒவ்வொரு கல்லும் மழைநீர் வெளியே வழியும்படி சற்றே சாய்த்துப் பதிக்கப்பட்டிருந்தது. சரிவுகளில் மஞ்சள் புல், அதில் மேயும் அல்பாக்காக்கள், உச்சியில் பனி. பத்து எட்டுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

9.40க்குச் சல்காபம்பாவை அடைந்தோம். அது நெலிதாவின் சொந்த ஊர். ஊரே வாய்க்கால் ஓரம் நின்றது. கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒருவர் நெலிதாவை நிறுத்தினார். நீர்க் குழுவின் தலைவர் அவர். அந்த மலைமக்களின் மொழியான கெச்சுவாவும் ஸ்பானிஷும் கலந்து இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். நெலிதா எங்களிடம் திரும்பி, ஒன்றுமில்லை, நடக்கலாம் என்றார்.

ஸ்டெல்லா நகரவில்லை.

"ஏட்டி மேகலா, ஒண்ணுமில்லன்னு சும்மா சொல்லுதா. தண்ணி, லிஸ்ட்டு, பேரை அடிச்சிருவேன்னு அந்த ஆளு சொல்லுதாரு."

"உன் ஸ்பானிஷ் நமக்குத் தெரியாதா?" என்றான் செந்தில். "எங்க வலிக்குது, மூச்சை நல்லா இழுங்க, இங்க சைன் போடுங்க. அதுக்கு மேல என்ன தெரியும் ஒனக்கு?"

"அத வச்சுத்தாம்ல பதினஞ்சு வருசமா வார்டு ஓடுது."

அவள் நெலிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. நடவுக்கு முன் ஊரே சேர்ந்து வாய்க்கால் தூர்வாரும் நாள் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் பன்னிரண்டு மீட்டர் அளந்து விடுவார்கள். பங்கை முடிக்காத வீட்டுக்கு ஆகஸ்ட் மாத உருளைக்கிழங்கு நடவில் தண்ணீர் முறை கிடையாது. நெலிதாவின் கணவர் வேலைக்காகக் காட்டுப்பகுதிக்கு இறங்கியிருந்தார். மாற்றாள் தேட ஒரு மாலைப்பொழுது போதவில்லை. வர முடியாது என்று சுற்றுலா நிறுவனத்திடம் சொன்னால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

"நடுவழியில நின்னா அவங்களுக்கு அந்த வேலையும் போகும்ல," என்றான் செந்தில். "கணவாயப் பாத்துட்டு வந்து ஏஜென்சி மேல கம்ப்ளெயின்ட் பண்ணுவோம். இன்னொரு வாட்டி இங்க எப்ப வரப்போறோம்?"

அவன் சொன்னதன் முதல் பாதி நியாயமானது. நாங்கள் இரக்கப்பட்டு நின்றால் நெலிதாவுக்கு வேலை போகலாம். நடந்தால் தண்ணீர் போகும். நிறுவனம் கொடுத்திருந்த படிவத்தை எடுத்துப் படித்தேன். பயணிகள் விரும்பினால் பாதையை மாற்றிக்கொள்ளலாம், அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 'எங்கள் விருப்பத்தின்பேரில் இங்கேயே நிற்கிறோம், வழிகாட்டி மறுத்தும் வற்புறுத்தினோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஸ்டெல்லாவும் போட்டாள். செந்தில் கணவாயிருந்த திசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேனாவை வாங்கினான்.

"மம்பட்டி எத்தன இருக்குன்னு கேளு."

நீர்க் குழுத் தலைவரிடம் ஸ்டெல்லா பேசினாள். வீட்டாள் ஒருவர் வாய்க்காலுக்குள் நிற்க வேண்டும், கூட யார் வெட்டினாலும் சரி, ஆனால் விருந்தாளி வேலை என்று சலுகை கிடையாது என்றார் அவர். எங்களுக்கு மூன்று மண்வெட்டிகளும் கைப்பிடி கோகா இலைகளும் கிடைத்தன. மேல்மூச்சுக்கு நல்லது, மெல்லுங்கள் என்றார்கள். ஸ்டெல்லா மெல்லாமல் நெலிதாவின் பையில் போட்டுவிட்டாள். "கொக்கெய்ன் எடுக்குற எலைல்லா இது. எங்க ஆஸ்பத்திரியில டிரக் டெஸ்ட் வைப்பான்."

சேறு, புல் வேர், மழையில் உருண்டு வந்த கற்கள். ஆறு வெட்டுக்கு மேல் எனக்குக் கை எழவில்லை. வாய்க்கால் வளையும் பகுதியைச் செந்தில் எடுத்துக்கொண்டான். எங்களில் யாருடைய உதடாவது வெளுத்தால் ஸ்டெல்லா உடனே கரையேற்றி உட்காரவைத்தாள். மதியத்துக்குள் பக்கத்துப் பங்குக்காரர்களும் அவளிடம் நாடி பார்க்கச் சொல்லிக் கை நீட்டத் தொடங்கியிருந்தார்கள்.

இரண்டு மணிக்குத் தலைவர் அளவுகோலுடன் வந்தார். நீளமும் ஆழமும் சரி. வளைவில் மட்டும் அடிமட்டம் மேடாக இருக்கிறது, தண்ணீர் தேங்கும் என்று சொல்லி, பெயரைக் குறிக்காமல் நோட்டை மூடினார். மூன்று மணிக்கு மடை திறந்துவிடுவார்கள். நெலிதா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தார்.

"ஊரு பூரா சாஃப்ட்வேர்ல பக் கண்டுபிடிக்கிறவன் வேலையிலயே பக்கு," என்றாள் ஸ்டெல்லா.

"ஃபிக்ஸ் பண்ணிருவோம், சும்மா இரு."

செந்தில் தன் குடிநீர்ப் போத்தலை வளைவில் கொஞ்சம் சாய்த்தான். நீர் நின்ற இடத்தை நெலிதா வெட்டினார். மறுபடி ஊற்றினான், மறுபடி வெட்டினார். எங்கள் மூன்று போத்தல்களும் காலியாகின. நான்காவது, பக்கத்துப் பங்குக்காரர் சிரித்துக்கொண்டே நீட்டியது. அந்த நீர் எங்கும் நிற்காமல் ஓடியது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தலைவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். நோட்டைத் திறந்து நெலிதாவின் பெயரைச் சத்தமாகப் படித்தார். வாய்க்காலுக்குள் நின்றபடியே நெலிதா பதில் குரல் கொடுத்தார். அவர் பெயருக்கு எதிரே, பங்கு முடிந்தது என்று ஒரு குறி விழுந்தது. மடை திறந்ததும் முதல் நீர் நுரையும் புல்லுமாக வந்து, எங்கள் பன்னிரண்டு மீட்டரைக் கடந்து கீழே இறங்கியது. அமெரிக்காவில் பதவி உயர்வு, குடியுரிமை, சொந்த வீடு என்று நாங்கள் மூவரும் பெருமைப்பட்ட நாட்கள் உண்டு. அவற்றைவிட இந்த நாள் எனக்குப் பெரியது. வார்டில் கற்ற நாற்பது வாக்கியங்களை வைத்துக்கொண்டு, மறைக்கப்பட்ட ஒரு கஷ்டத்தைக் கேட்டறிந்த ஸ்டெல்லாவை என் தோழி என்று சொல்லிக்கொள்வது அதனினும் பெரியது.

கணவாயை நாங்கள் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு வேன் ஏறினோம்.

பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பிய வாரத்தில் அந்தச் சுற்றுலா நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஊர்ப்பணி நாட்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அன்று அந்த ஊர் வழிகாட்டிகளை அழைக்காமல் இருப்பதாகப் பதில் வந்தது. நெலிதாவை இப்போதும் அழைக்கிறார்கள். ஆகஸ்டில் முறைப்படி தண்ணீர் வந்ததாகவும் நடவு முடிந்ததாகவும் அவர் ஸ்டெல்லாவுக்குச் செய்தி அனுப்பினார். நாங்கள் மூவரும் இப்போது எந்தப் பயணத்துக்கும் நாள் குறிப்பதற்கு முன், அன்று வரப்போகும் வழிகாட்டிக்கே எழுதி, அந்த நாள் அவருக்கு ஒத்துவருமா என்று கேட்கிறோம். செந்திலின் எக்ஸெல் தாளில் அதுதான் முதல் வரி.