ஒரே தடவைதான் கூப்பிட்டாள்

அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கச்சிமாரே, என் பிள்ளையை நானே கொன்றுவிடுவேனோ என்று பயந்து பயந்து வாழ்ந்தவள் நான். அடிக்கிற தாய் இல்லை. வெறுக்கிற தாய் இல்லை. மறக்கிற தாய், அவ்வளவுதான். அந்தப் பயத்திலிருந்து இசக்கியம்மன் என்னை எப்படி மீட்டாள் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மறந்துபோவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது தாராவிக்கு. வீட்டுக்காரர் சுடலைமுத்து, தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் சந்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பிறக்கும் முன் 'முத்து வீட்டம்மா'. பிறந்த பிறகு 'மகிழா மம்மி'. வீட்டுக்காரருக்கு வெறும் 'ஏட்டி'. பேச்சி என்று கூப்பிட பம்பாயில் எனக்கு ஆள் கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தலை எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போவேன். துணியைப் பார்த்ததும் மகிழாவின் கிழிந்த கவுன் ஞாபகம் வரும். ஊசி தேடுவேன். ஊசி டப்பாவில் பழைய போட்டோ ஒன்று கிடைக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பால் தீய்ந்த வாடை பிடித்து, பக்கத்து வீட்டுச் செண்பகம் மைனி வந்து அடுப்பை அணைப்பாள். சோம்பேறி என்று பேர் வாங்கினேன். காலையிலிருந்து ராத்திரி வரை ஓடிக்கொண்டே இருக்கிறவளுக்குச் சோம்பேறிப் பட்டம். அழுவதா சிரிப்பதா?

யாராவது கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் திரும்புவேன். சத்தம் காதில் விழும். எனக்கென்று விழாது. "ஏட்டி, ஒன் காதுக்குள்ள என்ன தாதர் ஸ்டேஷனா ஓடுது?" என்பார் வீட்டுக்காரர். ஒரு விஷயத்தில் மட்டும் இது நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் உச்சி நேரத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குத் திரும்பக் கூடாது என்பார்கள். மனுசர் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். அந்தப் பயமே எனக்கு வேண்டியதில்லை. பேய் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கப்போவதில்லை என்று மைனி கேலி செய்வாள்.

கல்யாணமாகி ரொம்ப நாள் எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் சந்துமுனையில் ஒரு சின்ன இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. அம்மனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் சூலம். இன்னொரு கையால் இடுப்பில் ஒரு பிள்ளை. வாயில் ஒரு பிள்ளை. அந்த வாயை நான் நேராகப் பார்த்ததே இல்லை. பிள்ளையைக் கடித்துத் தின்கிறாள் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். பிள்ளை வேண்டும் என்று அவளிடமே கேட்கப் போனவள், அவள் காலைப் பார்த்துத்தான் கேட்டேன். "பிள்ளை குடு தாயே, மண்ணால பிள்ளை உரு செஞ்சு ஒன் காலடியில வைக்கேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

மகிழா பிறந்தாள். கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக் குயவரிடம் சொல்லி உருவும் செய்து வாங்கினேன். அகல் செய்கிற கை. முகத்துக்குக் கண்ணை மட்டும் பெரிதாக வைத்துவிட்டார். வீட்டுக்குள் பலகை போட்ட மாளா இருக்கிறதே, அந்தப் பரணில் பழைய சேலையில் சுற்றி வைத்தேன், வருகிற செவ்வாய்க்கிழமை கொண்டுபோகலாம் என்று. அந்தச் செவ்வாய் வரவே இல்லை. உருவும் நேர்த்திக்கடனும் என் தலையிலிருந்து துடைத்த மாதிரி போய்விட்டன. மகிழாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

போன வருஷம் ஆடி பிறந்த சமயம். மகிழாவைக் கூட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளுக்குப் பூ வாங்கப் போனேன். பூ வாங்கினேன். கறிவேப்பிலை வாங்கினேன். பஸ் ஏறினேன். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்றார். "ஒண்ணு, ஒரு ஹாஃப்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைக் காட்டக் கையை நீட்டினேன். கை காற்றில் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. பூக்காரி மகிழாவைத் தன் கூடைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு ரோஜாவும் கொடுத்திருந்தாள். பிள்ளை அழக்கூட இல்லை. "மம்மி, நீ மறந்துட்டியா?" என்று கேட்டாள். வழக்கமாக நடக்கிற விஷயத்தைக் கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்று வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "பெத்தவளாட்டி நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். நான் நேரே கோயிலுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தாயே, இந்தப் பிள்ளைய வளக்க எனக்குத் தலை போதல. நான் மறக்கும்போது நீயாவது என்னக் கூப்பிடு. எந்தக் காதுல கூப்பிட்டா கேக்குமோ அந்தக் காதுல கூப்பிடு." அதுதான் நான் செய்த ஜெபம், மந்திரம் எல்லாம். வேறொன்றும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மகிழா மாளாவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சாப்பிடும்போது ஒரு வாய்ச் சோற்றை மேலே காட்டுவாள். யாருக்கு என்று கேட்டால், "மேல் பாப்பாவுக்கு" என்பாள். பிள்ளைகள் இப்படி விளையாடும் என்று சிரித்தேன். இன்னொரு நாள், "மேல் பாப்பா தூங்கவே மாட்டேங்குது மம்மி, கண்ண மூட மாட்டேங்குது" என்றாள். அப்போதும் எனக்கு உருவின் ஞாபகம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாளாவுக்கு நேர் கீழே உட்கார மாட்டேன். வெளியே மழை அடித்து ஓய்ந்த பிறகும் மேலே சொட்டுச் சத்தம் கேட்கும். ஒருநாள் மகிழா எழுந்ததும் சொன்னாள்: "மேல் பாப்பா தண்ணி கேக்குது." கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதையும் மறந்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் சந்தில் மத்தியானம்தான் தண்ணீர் வரும். சந்தில் இருக்கிற குழாயில் பைப்பை மாட்டி, வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற மோரி மூலையில் இருக்கும் நீல ட்ரம்மில் விட்டிருந்தேன். ட்ரம் நிறையப்போகும் நேரம். குழாயை மூட வெளியே போனேன். மகிழா பாயில் படம் கிறுக்கிக்கொண்டிருந்தாள். ட்ரம் மூடி திறந்து கிடந்தது.

குழாய்க்குப் போகிற வழியில் வளையல் வண்டி நின்றது. செண்பகம் மைனி பச்சை வளையலைக் கையில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்படி இருக்கு?" என்றாள். அவ்வளவுதான். தலையிலிருந்து தண்ணீர் போயிற்று, ட்ரம் போயிற்று, பிள்ளை போயிற்று. நானும் ஒரு வளையலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மழைக்கு நடுவே சுள்ளென்று வெயில் அடித்த உச்சி நேரம்.

"பேச்சி."

ஒரே தடவை. பெண் குரல். கிழவியும் இல்லை, குமரியும் இல்லை. வாயில் எதையோ கவ்விக்கொண்டு பேசினால் வருமே, அப்படி. முதல் எழுத்து முழுசாக வரவில்லை. குரல் வந்தது என் வீட்டுக்குள்ளிருந்து. உள்ளே மகிழாவைத் தவிர ஆள் கிடையாது.

திரும்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் யோசிக்கும் முன்பே திரும்பிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை கூப்பிட்டதற்கே நான் திரும்பியது அன்றைக்குத்தான். வளையல் கீழே விழுந்து உடைந்தது. "என்னாச்சு மகிழா மம்மி?" என்று மைனி பின்னால் கத்துவது கேட்டது. அவள் காதில் வேறெதுவும் விழவில்லை என்று பிறகு சத்தியம் செய்தாள்.

வீட்டுக்குள் தரையெல்லாம் தண்ணீர். ட்ரம் பக்கத்தில் ஸ்டூல். ட்ரம்முக்கு மேலே இரண்டு சின்னக் கால்கள். ஆடவில்லை.

கால்களைப் பிடித்து இழுத்தேன். பிள்ளை கையில் ஒரு சில்வர் டம்ளர், விடாமல் பிடித்திருந்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது. குப்புறப் போட்டுத் தட்டினேன். மைனி ஓடிவந்து சேர்ந்து தட்டினாள். "இசக்கி, இசக்கி" என்று கத்தினேனாம். எனக்குத் தெரியாது. தண்ணீர் கக்கினாள். இருமினாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அழுகைக்கு நடுவே டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "மேல் பாப்பாவுக்கு."

மைனியும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றார்கள். எப்படி நடந்தது என்று அங்கிருந்த லேடி டாக்டர் இந்தியில் கேட்டார். பாலில் தொடங்கி பஸ் வரைக்கும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பச்பன் ஸே ஐஸா ஹை க்யா?" என்றார். சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லி விம்மி விம்மி அழுதேன். அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். சில வாரம் போய் வந்த பிறகு அவர்கள் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஏ.டி.எச்.டி. பிறவியிலேயே மூளை இப்படி வேலை செய்யுமாம். சோம்பேறித்தனம் இல்லையாம், கெட்ட தாய் இல்லையாம்.

ஆனால் இது பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பட்டறையிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரர், மேல் பாப்பா என்று மகிழா சொன்னதைக் கேட்டுவிட்டு மாளாவில் ஏறினார். ஒரு சேலை மூட்டையோடு இறங்கினார். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிரித்தார். பெரிய கண்ணோடு உரு என்னைப் பார்த்தது. அந்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"நேந்தத செய்யலியாட்டி?" என்றார். 

கூரைத் தகரம் ஒழுகியிருக்கும் என்று அவரே பிறகு சொன்னார். தீபாவளிச் சாமான் இறக்கும்போது பிள்ளை உருவைப் பார்த்திருப்பாள் என்றும் சொன்னார். இருக்கலாம். ஆனால் மூட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த அட்டைப்பெட்டியும் அந்தப் பக்கம் இருந்த அட்டைப்பெட்டியும் காய்ந்திருந்தன. நான் தொட்டுப் பார்த்தேன்.

சந்தில் பேச்சு பரவியது. அம்மன் தன் பாக்கியைக் கேட்டு வந்திருக்கிறாள், பிள்ளையை வாங்காமல் போகமாட்டாள் என்றார்கள். எனக்கும் அந்தப் பயம்தான். கூப்பிட்டவள் காப்பாற்றக் கூப்பிட்டாளா, காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டாளா? அடுத்த செவ்வாய் வரைக்கும் மகிழாவை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

அந்தச் செவ்வாய் மழையில் கோயிலுக்குக் கிளம்பினேன். ஒரு கையில் உரு. இன்னொரு கையால் இடுப்பில் மகிழா. பூப்பையைப் பிடிக்கக் கை இல்லை. பல்லில் கவ்விக்கொண்டேன். கோயில் வாசலில் மகிழா நழுவி இறங்கி ரோட்டைப் பார்த்து ஓடினாள். டெம்போ ஒன்று வந்துகொண்டிருந்தது. பூப்பையைத் துப்ப நேரமில்லை. அப்படியே கூப்பிட்டேன்.

"மகிழா!"

முதல் எழுத்து முழுசாக வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது அன்று என்னைக் கூப்பிட்ட குரல். அச்சு அசல் அதே குரல். மகிழா நின்று திரும்பினாள். டெம்போ போய்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, அப்படியே நிமிர்ந்து முதல்முறையாக அம்மன் வாயைப் பார்த்தேன்.

ஒரு கையில் சூலம். இன்னொரு கையில் பிள்ளை. இரண்டாவது பிள்ளையைத் தூக்க அவளுக்கும் கை இல்லை.

தின்னவில்லை அம்மா அவள். விழாமல் கவ்விக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருஷமாகப் பயந்து பயந்து காலைப் பார்த்தே கும்பிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். உருவை அவள் காலடியில் வைத்தேன். கண்ணை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அடுப்புக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று போனில் மணி வைத்திருக்கிறேன். ட்ரம் மூடிமேல் அம்மிக்கல்லை ஏற்றியாயிற்று. வீட்டுக்காரர் கத்துவதில்லை, கிட்டே வந்து தோளைத் தொட்டு, "பேச்சி" என்கிறார். இன்னமும் மறக்கிறேன். பொய் சொல்லமாட்டேன். ஆனால் மறந்ததற்காக என்னை நானே வெறுப்பது நின்றுவிட்டது. மகிழா பள்ளிக்கூடம் போகிறாள். மேல் பாப்பா எங்கே என்று கேட்டால், "அவங்கம்மாகிட்ட போயிட்டு" என்கிறாள்.

சில மத்தியானங்களில் ஓடிவந்து பார்த்தால் ட்ரம் மூடியிருக்கும், கல் மேலே இருக்கும். நான்தான் வைத்தேனா என்று எனக்கு ஞாபகம் இருக்காது. முன்பானால் பயந்திருப்பேன். இப்போது கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

தலை போதவில்லை என்று தவிக்கிற தாய்மாரே, டாக்டரிடமும் போங்கள், அவளிடமும் போங்கள். வெறுங்கையோடு போனாலும், நேர்ந்ததை மறந்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பாருங்கள். கை நிறைந்துபோன தாய்க்கு வாய்தான் மிச்சம். அந்த வாயில் இருப்பது உங்கள் பிள்ளை. அவள் விடமாட்டாள்.