நிறுத்தாத ரெக்கார்டர்

தார்போல உருகிக் கிடந்த ரப்பரை அந்த விரல்கள் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் அது பெல்ட். இப்போது தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பசை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து உருளையைத் துடைப்பது, பஞ்சின் நிறத்தைப் பார்ப்பது, அதைப் போட்டுவிட்டு வேறு பஞ்சு எடுப்பது. பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை கைகள் விடுவதாக இல்லை.

கைகள் பிரிஸில்லாவுடையவை. திருத்தணியில் அரக்கோணம் சாலைப் பக்கம் மைக்செட் வாடகைக்கு விடுகிறவள். பெயரைச் சொன்னால் பாதிப்பேருக்குத் தெரியாது, மைக்செட்டம்மா என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். புருஷன் சாம் இருந்தபோது இதே வீடுதான் ரெக்கார்டிங் சென்டர். மலைக்கு வரும் காவடிக் கோஷ்டியின் பாட்டு, சர்ச் கன்வென்ஷன், எழவு வீட்டு ஒப்பாரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பிரிஸில்லாவுக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷின் கெட்டால் பிரிப்பாள். பிரித்ததை மறுபடி பூட்டத் தெரியாமல் அழுவாள். அழுது முடித்துப் பூட்டுவாள். அப்படித்தான் கற்றாள்.

அந்தப் பெட்டிகள் படுக்கையறைச் சுவர் அலமாரியின் மேல்தட்டில் போய் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிறது. கதவைத் திறக்க வைத்தது போன வாரம் வந்த ஒரு பெண்.

"ஆன்ட்டி, சாம் ரெக்கார்டிங் இதானா?"

"சாம் போய்ச் சேந்துட்டாரு. இப்ப மைக்செட்தான். இன்னா விசேஷம், கல்யாணமா?"

"ஆங், எனக்குத்தான். ஆனா ஸ்பீக்கர் வேணாம். ஒரு பழைய கேசட் வேணும்."

பெயர் அனுராதா என்றாள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்புக்காரர் வேணுவின் மகள். அவள் இடுப்புக் குழந்தையாக இருந்தபோதே அம்மா சந்திரா கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். கொஞ்ச நாள் கழித்துச் சந்திராவை அழைத்துப் பூவாடைக்காரி பூஜை போட்டார்கள். வீட்டில் சுமங்கலியாகச் செத்தவளைக் கூப்பிட்டு, புதுப் புடவையும் பூவும் வைத்து, அவள் உத்தரவு வாங்காமல் அடுத்த கல்யாணம் செய்வது அங்கே வழக்கமில்லை.

"வூட்ல அந்தக் கேசட் கீது ஆன்ட்டி. பம்பை அடிக்கறாங்க, வா தாயின்னு கூப்பிடறாங்க, அப்பறம் டக்குனு மங்களம் பாடிடறாங்க. நடுவுல எங்கம்மா வந்து பேசனத மட்டும் காணோம்."

"பேசனாங்கன்னு யாரு சொன்னது?"

"நைனாதான். எல்லாரையும் வாழ்த்திட்டுப் போனாங்களாம். எனக்கு அவங்க கொரலே தெரியாது. யார் மேல வந்து பேசியிருந்தாலும் பரவால்ல, கேக்கணும்."

"மாப்ள யாரு?"

"நவீன் பாவா. அத்தை புள்ள. அத்ததான் என்ன வளத்தாங்க."

தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பிரிஸில்லா அவளை அனுப்பினாள்.

பம்பைக்காரர்கள் அழைப்பதைப் பதியலாம், அருள் வந்து பேசுவதைப் பதியக்கூடாது என்பது பூஜைக்காரர்களின் கட்டளை. அந்தக் கேசட்டை வீட்டில் போட்டால் கேட்கிற யார்மேலாவது இறங்கிவிடுமாம். அதனால் அருள் வந்ததும் சாம் நிறுத்தும் பட்டனை அழுத்திக் கையைத் தூக்கிக் காட்டுவான். பெரிய டெக்கின் சிவப்பு விளக்கு அணையும், ஜனம் நிம்மதியாகும். ஆனால் நிறுத்தி ஓட்டினால் ஒட்டுப்போட்ட இடத்தில் பம்பையின் தாளம் இடறும். அதைச் சரிசெய்ய, பெண்கள் கூட்டத்துக்குள் பிரிஸில்லா மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருப்பாள். பைக்குள் சின்ன ரெக்கார்டர் நிற்காமல் ஓடும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுவார்கள். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த தொழில்.

அன்றைய பூஜை வேணுவின் இரண்டாம் கல்யாணத்துக்காக. பெண் வேறு யாருமில்லை, சந்திராவின் தங்கை கோவிந்தம்மாள். சந்திரா உயிரோடு இருந்தபோதே அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வந்து தங்கியிருந்த பெண். பொழுது சாயும் நேரம், கிணற்றடியில் கலசம் வைத்துப் பம்பை முழங்கியபோது அருள் கோவிந்தம்மாள் மேலேயே இறங்கியது. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். சாம் கையைத் தூக்கினான். சிவப்பு விளக்கு அணைந்ததை வேணு திரும்பிப் பார்த்தான்.

"நான் தானா வுழல," என்றாள் கோவிந்தம்மாள். "கெணத்துக்குப் போவும்போது எனக்கு மூச்சே இல்ல. கழுத்துல துண்டு போட்டு இறுக்கனவன் மாலையோட நிக்கறான். கால அமுக்கிப் புடிச்சவ தாம்பாளத்தோட நிக்கறா."

மாலையோடு நின்றது வேணு. தாம்பாளம் வைத்திருந்தது அவன் அக்கா, நவீனைப் பெற்றவள்.

வேணு கலசச் சொம்பைத் தூக்கி அவள் வாயிலேயே அடித்தான். தண்ணீரும் மஞ்சளும் தெறித்தன. இரண்டாம் அடியில் பற்கள் விழுந்தன. "பொய்ச் சாமி, பொய்ச் சாமி" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். பொய்யாக ஆடுகிறவளை அடித்து நிறுத்தலாம் என்பதும் வழக்கம்தான், அதனால் கூட்டத்தில் ஒரு கையும் குறுக்கே வரவில்லை. கீழே விழுந்தவள் உதைத்துக்கொண்டபோது வேணுவின் அக்கா தாம்பாளத்தை வைத்துவிட்டு ஓடிவந்து அவள் காலை அமுக்கிப் பிடித்தாள். தாடை நொறுங்கும் சத்தம் பிரிஸில்லாவுக்கு முதுகெலும்பில் கேட்டது. மடியில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பம்பைக்காரர்கள் அவசரமாக மங்களம் பாடி முடித்தார்கள், சாம் அதற்கு மட்டும் மறுபடி பட்டனை அழுத்தினான். கல்யாணம் நின்றது. தாடை கோணிய கோவிந்தம்மாளுக்கு அதற்குப் பிறகு தெளிவாகப் பேச்சு வரவில்லை. ஊர் அவளைப் பைத்தியம் என்று முடித்துக்கொண்டது. அந்தக் கேசட்டை அழித்துவிட்டதாகச் சாம் சொன்னான். பிரிஸில்லா நம்பினாள்.

அலமாரியில் துணிப்பை அப்படியே இருந்தது. சின்ன ரெக்கார்டருக்குள் கேசட்டும் அப்படியே இருந்தது. ஏன் அழிக்கவில்லை என்று கேட்கச் சாம் இல்லை.

நாடாவில் ஈரப்பூஞ்சை படிந்திருந்தது. கேசட்டை உருவி வெள்ளைத் துணியில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள், ஈரத்தை அரிசி இழுக்கட்டும் என்று. பிறகுதான் மெஷினில் கை வைத்தாள். சென்னையிலிருந்து பெல்ட் வரவழைத்தபோது வழக்கம்போல ஒன்று கூடுதலாக வாங்கினாள். பூட்டி முடித்ததும், புதிதாகச் சரிசெய்த மெஷினில் நல்ல நாடாவைப் போடக்கூடாது என்பது அவள் கணக்கு. ஏதோ ஒரு கிறிஸ்மஸில் சர்ச் பிள்ளைகள் பாடிய பழைய கேசட்டை ஓடவிட்டாள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது. வேணு. தலை முழுக்க நரை, கை மட்டும் அதே கை. கையில் கரும்பு வெட்டும் கத்தி.

"இன்னாம்மா மைக்செட்டு, எம்பொண்ணு வந்துகினு போனாளாமே."

"வந்தா."

"இன்னா கேட்டா?"

"அவங்கம்மாவ."

"செத்தவளக்கூட வாடகைக்கு வுடறியா? நல்ல யாபாரம்." சிரித்தபடி உள்ளே வந்தான். "அன்னைக்கு வெளக்கு அணைஞ்சத நானே பாத்தேன். அப்பறம் எந்தக் கேசட்ட தேடிக்கினு கீற?"

பதிலுக்குக் காத்திராமல் படுக்கையறைக்குப் போய் அலமாரியை இழுத்துத் திறந்தான். தட்டில் இருந்த பெரிய டெக்கை மறைக்கப் பிரிஸில்லா குறுக்கே கை வைத்தாள். அவன் கதவைத் தோளால் இடித்துச் சாத்தினான். வலது கை விரல்கள் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கின. அவள் கத்தியபோது கதவைக் கொஞ்சம் திறந்து, விரல்கள் உள்ளேதான் இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டாம் முறை நிதானமாகச் சாத்தினான்.

பிறகு, "பாட்டுக்கு நடுவுல ஒளிச்சி வச்சிக்கிறியா?" என்றபடி மேசையில் பாடிக்கொண்டிருந்த சின்ன ரெக்கார்டரிடம் போனான். கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு, மெஷினைத் தரையில் போட்டுக் கத்தியின் பின்புறத்தால் அடித்து உடைத்தான். அடுப்பைப் பற்றவைத்து நாடாவைக் குடல்போல உருவி நெருப்பில் போட்டான். வீடு முழுக்கக் கரி நாற்றம்.

"கோவிந்தம்மாவ ஞாபகம் வச்சிக்கோ," என்றான் போகும்போது. "வாயி ஒனக்கும் ஒண்ணுதான் கீது."

எரிந்தது சர்ச் பிள்ளைகளின் பாட்டு. சந்திராவின் கேசட் அடுப்புக்குப் பக்கத்திலேயே அரிசிக்குள் கிடந்தது.

பிரிஸில்லா இடது கையால் கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறி, எலும்புக்கட்டுக்குப் பேர்போன புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வலி பிடரிவரை ஏறியது. செத்தவள் வந்து பேசுவாள் என்பதை அவள் சபையும் ஒப்பாது, அவளும் ஒப்பவில்லை. அந்த வீட்டில் தங்கியிருந்த பெண் கண்ணால் கண்டதைச் சொல்ல வேறு வாய் கிடைக்காமல் அக்காவின் வாயைக் கடன் வாங்கினாள் என்றே நினைத்தாள். நெரித்த கையை ஊருக்கு முன்னால் நெரித்த கை என்று சொன்னதற்குத்தான் அந்த அடி.

பெரிய டெக்கை ஒற்றைக் கையால் பிரித்தாள். இடது கைக்குத் திருப்புளி சொன்னபடி கேட்கவில்லை, ஒரு திருகாணியைக் கழற்றப் பாதிக் காலைப்பொழுது போயிற்று. கூடுதலாக வாங்கிய பெல்ட் அதற்குச் சரியாகப் பொருந்தியது. முதலில் ஒரு வெற்று நாடா. அதன்பிறகே அரிசியிலிருந்து எடுத்த கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றித் தொய்வு நீக்கிப் போட்டாள். மைக்செட் மிக்ஸரில் பென்டிரைவைச் செருகி, நிறுத்தாமல் பதிந்தாள். இரைச்சலைக் குறைக்கவில்லை. இரைச்சலைக் குறைத்தால் சொம்பு எலும்பில் படும் ஓசையும் குறைந்தது.

வேலை முடிந்ததும் அனுராதாவுக்குப் போன் செய்து, சித்தியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயை மூடியபடி வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். பிரிஸில்லா அனுராதாவின் காதில் ஹெட்போனை மாட்டினாள். அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் ஆசை இருந்தது. வீட்டுக் கேசட்டில் மங்களம் தொடங்கும் இடத்தில் அது போனது. ஒரு கட்டத்தில் கை தன்னால் எழுந்து தன் தாடையைப் பிடித்துக்கொண்டது. நாடாவின் கடைசியில் ஒரு குழந்தை வீறிட்டு அழும், அது அவள்தான்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். "சித்தி, தாம்பாளம் வச்சிக்கினு நின்னது அத்தையா?"

கோவிந்தம்மாள் முந்தானையை எடுத்தாள். கோணிய வாயால் ஒரே சொல். "ஆங்."

"ஒன் கால புடிச்சதும்?"

"ஆங்."

அனுராதா பிரிஸில்லாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "இது நைனாவா?"

"அலமாரிக் கதவு," என்றாள் பிரிஸில்லா. "சாத்தனது அவரு."

சாலையில் திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"வெள்ளிக்கெழம பூஜை ஆன்ட்டி. அதே கெணத்தடி, அதே ஜனம். பம்பைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. அத்ததான் தாம்பாளம் எடுக்கறாங்க." மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். "குழாய் ஸ்பீக்கர் எத்தன கீது ஒங்ககிட்ட?"

"நாலு."

"நாலும் கட்டணும்."

"அடிப்பாரு. தெரியும் இல்ல?"

"தெரியும். கேட்டேனே இப்ப."

பிரிஸில்லா கேசட்டை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மேல் ஓரத்தில் இருந்த இரண்டு சின்னத் தகடுகளையும் திருப்புளியால் நெம்பி உடைத்தாள். அவை போய்விட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. பென்டிரைவை அனுராதாவிடம் கொடுத்தாள். கேசட்டுக்கும் அவள் கையை நீட்டினாள். பிரிஸில்லா அந்தக் கையைத் தாண்டிப் போய்க் கேசட்டைக் கோவிந்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.