கும்மிக்காக வளைத்த இடுப்பு

நமுனுகுல மலைத் தேயிலைச் சரிவில், ஒரு மழை நாளில், கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தேன். அன்று என் இடுப்பில் குடியேறிய வலி பிறகு வெளியேறவே இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் காய்ச்சல்காரர்களுக்கும் எனக்கும் ஒரே கசப்புத் தண்ணீரைத்தான் கொடுத்தார். நொச்சி ஒத்தடமும் பார்த்தாகிவிட்டது. வேலைக்கு எப்படியோ போய்வந்தேன். திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டத்தான் முடியவில்லை. மூன்று வருடம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். தாளமே தெரியாதவர்கள் எல்லாம் ஆடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அடுத்து வந்த ஆடியில், கதிர்காமத்துக்கு நடந்துபோகும் பண்டாரங்கள் மழைக்கு ஒதுங்கி எங்கள் மாரியம்மன் கோயிலில் நாலு நாள் தங்கினார்கள். விடியற்காலையில் கோயிலடியில் தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு அவர்கள் ஆசனம் போடுவதைப் பார்ப்பேன். ஒருவர் தலைகீழாக நிற்பார். முழங்கால் வீங்கிய இன்னொருவர், அவசரமே இல்லாமல் மூச்சை விட்டபடி கொஞ்சமாகக் குனிவார். வலித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பெண்பிள்ளைக்கு யார் சொல்லித் தரப்போகிறார்கள்? குடம் நிரம்பி வழிய, கண்ணாலேயே திருடிக்கொண்டேன்.

ஆசை யாரை விட்டது? முதலில் தலைகீழாகத்தான் நின்று பார்த்தேன். அடுப்புச் சாம்பலில் போய் விழுந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்து முடித்த பிறகுதான் தூக்கிவிட்டார். அதன் பின் முழங்கால்காரர் வழிதான் என் வழி. காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிடத் தப்பு அடிக்கும் முன்பே எழுந்து, எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் சாக்கை விரித்துக்கொள்வேன். மூச்சை விட்டுக் குனிவேன். வலி முனகினால் நிற்பேன். சில மாதம் கழித்து ஒரு நாள் விரல் நுனி கெண்டைக்காலைத் தொட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவால் வந்தது வினை. நான் கண்ணை மூடி, கையைத் தூக்கி, பெருமூச்சு விட்டு அசைவதை அவள் பார்த்துவிட்டாள். மறுநாள் கண்ணைத் திறந்தால் எதிரே மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் பத்துப் பேர்.

"தாயே, எங்க மாடு எப்ப கன்னு போடும்?" என்றாள் அக்கா.

"நான் தாயி இல்லக்கா! இடுப்பு வலிக்கா!"

"ஆத்தா சோதிக்கிறா," என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, திருவிழா நெருங்கும்வரை. சாமி வருகிற பெண் தீச்சட்டியோடு தனியே நிற்க வேண்டும்; கும்மி வட்டத்துக்குள் விடமாட்டார்கள். பெரிய கங்காணி என்னைச் சட்டி எடுக்கச் சொல்லி ஆளே அனுப்பிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. இதற்காகவா இத்தனை மாதம் குனிந்தேன்?

கோயிலில் கூட்டம் போட்ட அன்று எழுந்து போட்டு உடைத்தேன். "எனக்குச் சாமியும் வரல, பேயும் வரல. நாலு வருசமா இடுப்பு வலி. வேணும்னா பாத்துக்கங்க!" அத்தனை பேர் முன்னாலும் சாக்கை விரித்து, குனிந்து காட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கங்காணி மீசையைத் தடவினார். அவர் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"அவ கும்மிக்கே போகட்டுங்க. ஏம்மா, இதுக்குக் கழுத்து வலி கேக்குமா?"

"அப்ப என் மாடு?" என்றாள் அக்கா. கோயிலே சிரித்தது.

ஆடினேன். மற்றவர்கள் தரையோரம் கை தட்டினால் நான் இடுப்பளவில் தட்டினேன். மூன்றாவது பாட்டில் வலி முதுகுக்கு ஏறியது. மூச்சை நீளமாக விட்டு, ஒரு சுற்றுக்குச் சும்மா நடந்து, மறுபடி சேர்ந்துகொண்டேன். தொண்டை கட்டும்வரை பாடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மறுநாள் பாயைவிட்டு எழ முடியவில்லை. வீட்டுக்காரர் கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "தேவையா இது? இனிமேயாவது சும்மா இருப்பியா?" என்றார்.

வலியில் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

"சும்மா இருந்தாலும் வலிக்கத்தாங்க போகுது," என்றேன். "ஆடிட்டே வலிக்கட்டும்."