இரண்டாவது ஸ்கேன்

ஹூஸ்டனில் நான் டாக்டராக இருக்கும் மருத்துவமனைக்கு, ஒரு குட்டித் தீவு நாட்டின் சுகாதார அதிகாரி அரசுச் செலவில் நோயாளிகளை அழைத்து வருவார். பூப்போட்ட சட்டைமேல் டை கட்டியிருப்பார். எதையும் வரிவரியாக விரல் வைத்துப் படித்துத்தான் கையெழுத்திடுவார்.

அன்று ஒரு மீனவருக்கு ஸ்கேன் என்றதும் விரல் நின்றது. "போன வாரம் வேற ஆஸ்பத்திரியில எடுத்தது இதோ இருக்கே?"

"அதை இங்க ஏத்துக்க மாட்டாங்க. ரூல் அப்படி."

"உங்க ரூலுக்கு எங்க ஜனங்க வரி கட்டணுமா?"

நியாயம்தான். என் மேலதிகாரியும் என்னைப் போலத் தமிழர், அவரிடம் போனேன். "எதுக்குப்பா ஆர்க்யூ பண்றே? ஆர்டர் பண்ணிடு" என்றார். பண்ணினேன். அதே படம்தான் வந்தது.

சுகாதார அதிகாரி, அடுத்து வரவேண்டியவர்களின் பட்டியலை எடுத்துக் கடைசிப் பெயரை அடித்தார். "இவங்க ஸ்கூல் டீச்சர். இந்த வருஷம் பணம் இல்லைன்னு நான்தான் போய்ச் சொல்லணும்."

என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.