துணி வரிசையில் கைமாறிய பிள்ளை

எனக்குச் சரியாக எழுத வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். வயதும் ஆகிவிட்டது, முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு நாளை மட்டும் நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டு ஆட்களும் மறக்க விடவில்லை. இத்தனை வருசமாக இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மார்கழி மாதம், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முந்தி, மதுரையில் நடந்தது. எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, அடுத்தவனுக்கு நாலு வயது. மூன்றாவது கைப்பிள்ளை, பெண், இன்னும் தவழவில்லை.

சின்னவன் ஓயாமல் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா ரயில்ல போனாகன்னு சொன்னியே, ரயிலு எப்படிம்மா இருக்கும்?" எங்கள் பக்கம் அப்போது ரயில் கிடையாது. வண்டி மாதிரி இருக்கும், நீளமாக இருக்கும், புகை விடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சரி, ஒரு நாள் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அந்த வருசம் நல்ல மழை, வைகையில் தண்ணீர் போகிறது என்று கேள்வி. கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத பிள்ளைகள். ஆற்று மணலில் உட்கார்ந்தால் பாலத்தின் மேல் ரயில் போவதையும் பார்க்கலாம், கீழே தண்ணீரையும் பார்க்கலாம். அவ்வளவுதான் என் ஆசை. கோயில், கடைவீதி, அரண்மனை எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளை ஒரே நாளில் ஏழெட்டு இடத்துக்கு இழுத்தால் கடைசியில் அழுகை ஒன்றுதான் மிஞ்சும்.

பல நாள் யோசித்து யோசித்து வைத்தேன். முதல் நாளே வண்டி கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட வேண்டும். பனி விலகிய பிறகு பஸ் ஏற வேண்டும். புளிச்சோறு கட்டிக்கொள்ள வேண்டும், தொட்டுக்கொள்ளத் துவையல். காதை மூட ஆளுக்கொரு துண்டு. கைப்பிள்ளைக்கு ஒரு பச்சைக் குல்லாய், அது நான் பின்னியது. மத்தியானம் மணலிலேயே ஒரு போர்வையை விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும். வெயில் தாழ்வதற்குள் திரும்பி பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும். இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. நான் யாரிடமும் வாய் திறந்து பேச மாட்டேன். என் வீட்டுக்காரரின் அக்காவை, அதாவது என் மதினியை, துணைக்குக் கூப்பிட்டேன். மதினிக்கு மதுரை தண்ணீர் பட்ட பாடு. "ரயிலுதான? நான் காட்டுறேன் வா" என்றார். அங்கேதான் எனக்குப் பிடித்தது சனி.

அருப்புக்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். எதேச்சையாக வந்த மாதிரிதான் பேசினார்கள். நானும் நம்பினேன். அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய உருளை வைத்துக் கரி போட்டு ஓட்டுவார்கள். ஏற்றத்தில் திணறும், இறங்கித் தள்ள வேண்டும். என் பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு நான் நினைத்தபடி நடந்தது அந்த பஸ் பயணம் மட்டும்தான்.

மதுரையில் இறங்கினதும் மதினி, "ஆத்துக்குப் போற வழியில ஒரு சின்ன வேலை, ஒரு நொடியில முடிஞ்சிரும்" என்று ஒரு தெருவுக்குள் திரும்பினார். அங்கே ஒரு துணிக்கடை வாசலில் வரிசை நின்றது. துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம் அது, சர்க்கார் அளந்து விட்ட துணிதான் கடைக்கு வரும். மாற்றுச் சேலை இல்லாமல் ஈரச் சேலையோடு நின்ற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் துணிக்கு நின்றதை நான் தப்புச் சொல்லவில்லை. எப்படி நின்றார்கள் என்பதைக் கேளுங்கள்.

கைப்பிள்ளை வைத்திருக்கும் பெண்களை வாசல் காவல்காரர் இரக்கப்பட்டு முன்னால் விட்டுவிடுவார். இது மதினிக்கு முன்பே தெரியும். என்னோடு வரச் சம்மதித்ததே அதற்குத்தான். ரயிலும் இல்லை, ஆறும் இல்லை.

"ஏ புள்ள, பாப்பாவ இப்படிக் குடு. நீ இதுக ரெண்டையும் வச்சுக்கிட்டு அந்தப் புங்க மரத்தடியில இரு. வாங்கிட்டு வாரேன்."

நான் கொடுக்குமுன் பிள்ளை அவர் இடுப்பில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மதினி ஒரு சேலையோடு வந்தார். பிள்ளை என்னிடம் வரவில்லை. எங்களோடு பஸ்ஸில் வந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேரில் முதல் பெண்ணின் கைக்குப் போனது. அவளும் உள்ளே போய் வாங்கிவிட்டாள். பிறகு இரண்டாவது பெண்ணின் கைக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போனேன், போய்ச் சேருமுன் பிள்ளை கூட்டத்துக்குள் போயிருக்கும். "பால் குடிக்கிற நேரம் மதினி" என்றேன். "இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு. உனக்கும் சேத்துத்தான அலையுறோம்" என்றார். சத்தம் போட்டுப் பிள்ளையைப் பிடுங்க எனக்கு வாய் வரவில்லை. தெருவே பார்க்கிறதே என்று கூச்சம்.

இரண்டாவது பெண் கடைக்குப் பின்னால் இருந்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். வாங்கினவர்களை அந்த வழியாகத்தான் வெளியே விட்டார்கள். இரண்டு கையிலும் துணி. முகமெல்லாம் சந்தோசம். கையில் பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்க?"

"வெளிய வரலையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். "உள்ள ஒரே நெருக்கடி. கடைக்காரன் துணியத் தூக்கிப் போடுறான், பிடிக்க ரெண்டு கையும் வேணும். பக்கத்துல ஒரு அம்மாட்ட, ஒரு நிமிசம் பிடிங்கன்னு குடுத்தேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். முன்வாசல் வழியா வந்து மதினிட்ட குடுத்திருக்கும்னு நெனச்சேன்."

துணியைப் பிடிக்க ரெண்டு கையும் வேண்டுமாம்.

மதினி என்ன சொன்னார் தெரியுமா? "நடக்கவா தெரியும் அதுக்கு? எங்க போயிரப் போகுது?" என்று சொல்லிச் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று கடைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை முன்பின் தெரியாத ஆண் ஒருவரிடம் நான் பேசினதில்லை. அந்தக் காவல்காரரிடம் போய், பச்சைக் குல்லாய் போட்ட பிள்ளை, நெற்றியில் பொட்டு இருக்காது, பார்த்தீர்களா என்று கேட்டேன். நாங்கள் வேதக்காரர்கள், பிள்ளைக்குப் பொட்டு வைப்பதில்லை. "காலையில இருந்து எத்தனையோ பிள்ளை வந்திருச்சும்மா. குல்லாய் போட்ட பிள்ளை ஒண்ணுகூட நான் பாக்கல" என்றார்.

பின்னால் இருந்த சந்துக்கு ஓடினேன். அவித்த கடலை விற்கிற பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் அதையே கேட்டேன். "அப்படிப் பிள்ளை இங்கிட்டு வரலையே ஆத்தா. அந்தா, படியில துப்பட்டி போட்ட ஒரு அம்மா இருக்காக. அவுக மடியில ஒரு பிள்ளை இருக்கு. ஆனா அதுக்கு நெத்தி நெறையப் பொட்டு, குல்லாய் இல்ல" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டியில் சுற்றின ஒரு பிள்ளை, நெற்றியில் காலணா அகலத்துக்குக் கறுப்புப் பொட்டு. நம் பிள்ளை இல்லை என்று அந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டேன். நன்றாகக் கேளுங்கள், என் பிள்ளையைத் தாண்டிப் போனேன். சந்துக் கடைசி வரை போய் அழுதுகொண்டு நின்றபோது மூத்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நம்ம பாப்பாவுக்கும் அத்தை பொட்டு வச்சாகளே. குல்லாயக் கழத்தி இடுப்புல சொருகிக்கிட்டாக."

ஒரே பிள்ளை என்று காவல்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதே! அதற்காக ஒவ்வொரு கைக்கும் ஒரு வேசம் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை குல்லாயைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த தடவை மைச்சிமிழை எடுத்துப் பொட்டு, மூன்றாம் தடவை அதையே பெரிதாக்கிவிட்டார்கள். பொட்டு வைத்த பாவத்தைப் பற்றிக் கோயிலில் பாதிரி ஐயர் என்ன சொல்வார் என்பது எனக்குப் பெரிதில்லை. பெற்றவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்களே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

திரும்பி ஓடினேன். அந்த அம்மா ஒரு தம்ளரில் இருந்த பாலில் விரலை நனைத்து நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் உடனே கொடுக்கவில்லை. முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். என் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்.

"நீதான் பெத்தவளா?" என்றார். "ஒவ்வொருத்தி கையிலயும் இந்தப் புள்ளையப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கடைசியா என் கையில திணிச்சிட்டுப் போயிட்டா ஒருத்தி. கையில புள்ள, துணிய எப்படி வாங்க? சரக்குத் தீந்துபோச்சு. மக நிக்காஹ்வுக்கு வீரசோழன்ல இருந்து பொறப்பட்டு வந்தவ, இப்ப வெறுங்கையோட உக்காந்திருக்கேன். புள்ளைய வாடகைக்கு விட்டுட்டு நீ எங்கம்மா போயிருந்த?"

வீரசோழன் எங்கள் பக்கத்து ஊர்தான். நம் பக்கத்து மனுசி. நான் விடவில்லை, என்னைக் கேட்காமல் செய்தார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அதற்குள் மதினியும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். "நான் சொல்லல? இந்தா இருக்கால்ல!" என்றார் மதினி. எனக்கென்று வாங்கின சேலையையும் நீட்டினார். அதை வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"புள்ள வாடகையில வந்த சேலை என் மகளுக்கு வேணாம்" என்று சொல்லித் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. அந்தச் சேலையை மதினியின் காலடியில் போட்டேன். "இனிமே என் பிள்ளைகளத் தொடாதீக! ஒருத்தரும் தொடாதீக!" என்று கத்தினேன். தெருவே நின்று பார்த்தது, பார்க்கட்டும் என்று இருந்தது. அவ்வளவு கோபத்திலும் 'தொடாதீக' என்றுதான் வந்தது பாருங்கள். மரியாதையை விடத் தெரியவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மதினி சேலையை எடுத்துத் தூசியைத் தட்டினார். "துணியும் கெடச்சது, பிள்ளையும் கெடச்சது. பெறகென்ன இவளுக்கு?" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

ஆற்றுக்குப் போக நேரம் இல்லை. புளிச்சோற்றை பஸ்ஸில்தான் பிரித்தோம். சின்னவன் ஊர் வந்து சேரும் வரை ரயில் எங்கே, ரயில் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தான். இருந்த ஒரே பஸ்ஸில் அவர்கள் மூன்று பேரோடுதான் நானும் வர வேண்டியிருந்தது. அந்த கிறிஸ்துமஸுக்கு என் பிள்ளைகள் பழைய துணியோடுதான் கோயிலுக்குப் போனார்கள்.

பிறகு நடந்தது இதைவிட மோசம். மதினி ஊர் முழுக்கச் சொன்னார். "இவ புள்ளைய வச்சு ஊருக்கே சேலை வாங்கினோம்" என்று சொல்லாத கல்யாண வீடு இல்லை. என் வீட்டுக்காரர் யுத்தம் முடிந்து வந்ததும் அவரிடமும் சொன்னார். அவரும் சிரித்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தக் கைப்பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது அவளே பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறாள். அவளுக்கென்ன தெரியும்? அந்தச் சந்தில் அவளைத் தாண்டிப் போனவள் நான்தானே.

மதினி இப்போது இல்லை. செத்துப்போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். என் பிள்ளையை யாராவது கேட்டால் யோசிக்காமல் நீட்டுகிற பழக்கம் அன்றோடு போயிற்று. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளின் பொருளை மட்டும் இல்லை, பிள்ளையைக்கூட இந்த உலகம் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வருசம் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த அம்மா சொன்னது வீரசோழன் என்றுதான் காதில் விழுந்தது, பக்கத்தில் வேறு ஊராகவும் இருக்கலாம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், துணிக்குக் கஷ்டமான காலத்தில் மகள் கல்யாணத்துக்குச் சேலை வாங்க மதுரைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த அம்மா யாராவது உண்டா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். அவர் இருக்க மாட்டார். அவருடைய மகள் இருந்தால், அந்தப் பிள்ளையை வாடகைக்கு விட்டது பெற்றவள் இல்லை என்று அவரிடமாவது சொல்லிவிடுங்கள்.